கழுத்து அறுவைக்குப் பிறகும் கவனம் வேண்டும்!



இனிப்புநீர் நோய் நம்மவர்களை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்பதை 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் நூறு பேரை எடுத்தால் 31 பேருக்கு இந்த நோய்! பலருடைய கிட்னியைக் கெடுப்பதும் இதுதான். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு கிடப்பவர்களில், தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

வருஷங்கள் போனபின் அவர்களில் சிலர், "எலும்பெல்லாம் வலிக்குது, உடம்பு பூரா அரிக்குது, ராத்திரி தூக்கமே இல்லே" என்பார்கள். "கிட்னி போனா அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விடலாமா? கூடாது!

கழுத்தில், தைராய்டுக்குப் பின்னால், பயறளவில் நான்கு சுரப்பிகள் உண்டு. பாராதைராய்டு என்று பெயர். இரத்தத்தில் கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தைக் காப்பது அவற்றின் வேலை. கிட்னி பழுதானால் பாஸ்பேட் உப்பு வெளியேறாமல் தேங்கும், வைட்டமின் டி சரியாக வேலை செய்யாது, கால்சியம் குறையும். அதை ஈடுகட்ட இந்தச் சுரப்பிகள் பெருத்து, எலும்பிலிருக்கும் கால்சியத்தைச் சுரண்டும். மருந்துக்கு அடங்காவிட்டால் அறுவை செய்து எடுப்பார்கள்.

அதன்பின் பலருக்கு வலியும் அரிப்பும் குறைகின்றன. தூக்கம் வருகிறது, நடையில் தெம்பு கூடுகிறது. ஆனால், போன கிட்னி திரும்பாது. இரத்தச் சுத்திகரிப்பு தொடரத்தான் வேண்டும்.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இத்தனை நாள் பட்டினி கிடந்த எலும்பு, இரத்தத்திலுள்ள கால்சியத்தை அள்ளி விழுங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு, கைகால் இழுப்பு வந்தால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்! முன்பு சோற்றோடு விழுங்கிய கால்சியம் மாத்திரை பாஸ்பேட்டைப் பிடிப்பதற்கு. அறுவைக்குப்பின் அதே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுப்பது, இரத்தத்தில் கால்சியம் சேர்வதற்கு. ஆகவே பழைய பழக்கப்படி விழுங்காமல், டாக்டர் இப்போது சொன்ன நேரப்படி கொடுங்கள்.

மாத்திரை மட்டும் போதுமா? ஓய்வும் வேண்டும். கழுத்துத் தழும்பு ஆறியதைப் பார்த்ததும், "என்னப்பா, ஆபரேஷன்தான் முடிஞ்சிடுச்சே, குலை வெட்ட வரலாமே" என்று மண்டோர் கூப்பிடுவார். இளைத்த எலும்பு ஒரு மாதத்தில் தேறிவிடுமா? பாரம் தூக்கி விழுந்தால் முறியாதா?

சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 1955 வேலைச் சட்டத்தின் திருத்தப்படி, 2023 ஜனவரி 1 முதல் மருத்துவமனை விடுப்பு ஆண்டுக்கு 60 நாள் வரை உண்டு. சாதாரண நோய் விடுப்பு இதில் கழிக்கப்படாது. சொக்சோ சந்தா கட்டியவர்களில் தகுதியுள்ளோருக்கு இரத்தச் சுத்திகரிப்பு உதவியும் இயலாமை ஓய்வூதியமும் உண்டு. கேட்டு வாங்குங்கள்.

ஆனால், உடம்பு தேறும்வரை லேசான வேலை தருவதும், சுத்திகரிப்பு நாளில் பேர் வெட்டாமல் இருப்பதும் இன்னும் நிர்வாகத்தின் மனசைப் பொறுத்தே நடக்கிறது. இது மாற வேண்டும். டாக்டரின் கடிதத்தை வைத்து ஒவ்வொரு கிளையும் எழுத்து மூலம் கேட்கட்டும். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும்!