வரம் கேட்கும் வகை

நித்தியத்துவம் வேண்ட நினைத்த கும்பகர்ணன், நாப்பிறழ்ந்து நித்திரையை வேண்டிப் பெற்ற கதையை நாமெல்லாம் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். வரம் பெறுவதினும் எவ்வரம் வேண்டும் எனத் தெரிவது அரிது. மேசையைச் சுற்றியிருந்து ஆடும் கற்பனை விளையாட்டொன்றிலும் இச்சிக்கல் எழுகின்றது.

அமெரிக்கராகிய கரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி, 1974 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்பதே அவ்விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார்; ஏனையோர் வீரராகவும் மந்திரவாதியாகவும் கள்வராகவும் பாத்திரம் ஏற்பர். துணிந்த செயல் பலிக்குமா என்பதை 20 முகங்கொண்ட தாயக்கட்டை தீர்க்கும்.

2000 ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பிலே ‘பீற்’ எனப்படும் சிறப்பாற்றல்கள் புகுந்தன. 2014 ஆம் ஆண்டு விதிகளில் அவை விரும்பினாற் கொள்ளத்தக்கவை. பெரும்பாலான பாத்திரங்கள் 4, 8, 12, 16, 19 ஆகிய படிகளை எய்தும்போது, வலிமை, அறிவு முதலிய இயல்பெண்களில் ஒன்றை 2 ஆல் உயர்த்தலாம். அன்றேல் அதற்கு ஈடாக ஒரு சிறப்பாற்றலைப் பெறலாம். வாய்ப்போ ஐந்தே. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் முதற்படியிலேயே ஒன்று கிடைக்கின்றது. எனினும் தெரிவின் தொல்லை தீர்ந்தபாடில்லை.

2014 விதிப்படி ஆடிய ஆட்டமொன்றில் நானும் ஏமாந்தேன். வில்லாளி ஒருவனை ஏற்று, ‘ஷார்ப்ஷூட்டர்’ என்னும் ஆற்றலைத் தெரிந்தேன். எய்யுமுன் தாயத்தில் 5 ஐக் குறைத்துக்கொள்ள இசைந்தால், தைக்கும் அம்பு 10 புள்ளி மிகையான ஊறு செய்யும். யாவரும் மெச்சினர். ஆனால், அன்று நடந்த கதையோ அரசவைச் சூழ்ச்சி! மூன்று மாலைகள் கழிந்தும் என் வில் நாணேறவில்லை. அருகிருந்த தோழியோ, பிறர் குரலை ஒரு நிமிடம் செவிமடுத்தே அவ்வாறு பேசவல்ல ‘அக்டர்’ ஆற்றலைப் பெற்றிருந்தாள். அமைச்சரின் குரலிற் பேசிக் காவலரை விலக்கி, எங்களைச் சிறைமீட்டாள்.

அன்று கற்றவை மூன்று. முதலாவது, நடக்கப்போவது எவ்வகைக் கதை என நடத்துநரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, கூட்டத்திற் குறைவது யாதெனப் பார்த்தல் வேண்டும். மருத்துவம் அறிந்தார் எவருமில்லையேல், மருந்துப்பையைக் கொண்டே வீழ்ந்தவனை எழுப்பும் ‘ஹீலர்’ ஆற்றல் பொன்னினும் பெரிது. மூன்றாவது, எத்துணை முறை பயன்படும் எனக் கணக்கிடல் வேண்டும். 16 ஆகவுள்ள இயல்பெண்ணை 18 ஆக்கினால் எறிதற்கு 1 கூடும். அஃதாவது, 20 எறிதலில் ஒன்றின் முடிவு மாறலாம். சிறிதெனினும் அது நாள்தோறும் உழைக்கும். ‘லக்கி’ என்னும் ஆற்றல் நெடிய ஓய்வுகளுக்கிடையே மூன்று முறையே உதவும். ஆனால் போர், பேச்சு, ஏறுதல் என எதற்கும் உதவும். அதனாலேயே பலர் அதனை விரும்புகின்றனர்.

மாணவ நண்பர்களே, பட்டியலில் மிகப் பெரிய எண்ணைத் தேடாதீர்கள். உங்கள் தோழர் இக்கட்டில் அகப்படும்போது, “இதற்கு நீயே வேண்டும்” என்று உங்களை நோக்கித் திரும்பச் செய்வது எதுவோ, அதனையே முதலிற் கேளுங்கள்.