தண்ணீர் லாரிக்கு எந்தக் கியர்?

குடும்பப் பத்திரிகையில் லாரியின் கியரைப் பற்றி எழுதுவதாவது என்று நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தாம்பரத்திலோ, சேலையூரிலோ, மேடவாக்கத்திலோ ஒரு கோடையைக் கழித்தவர்கள் சுளிக்கமாட்டார்கள். அந்தப் பக்கங்களில் சித்திரை வைகாசியில் மிகுந்த ஆவலுடன் எதிர்பார்க்கப்படும் விருந்தாளி தண்ணீர் லாரிக்காரரே. மாப்பிள்ளைகூட அவருக்கு அடுத்தபடிதான். 2019-ஆம் வருஷத்துக் கோடையில் சென்னைக்கு நீர் அளிக்கும் ஏரிகள் வறண்டபோது, கல் வெட்டியெடுத்த சிக்கராயபுரம் குழிகளில் தேங்கிய நீரைக்கூட எடுத்துச் சுத்தம் செய்து குடித்தோம். ஒரு காலத்தில் லாரிகள் கல் ஏற்றிக்கொண்டு வந்த பள்ளத்திலிருந்து தண்ணீர் வந்தது விசித்திரந்தான்.

அந்த லாரி சந்து முனையில் திரும்பும்போது "கர்ர்" என்று பல்லைக் கடிக்கிறதே, அந்தச் சத்தத்தைப் பற்றியே எழுதுகிறோம். அது கியர் பெட்டியின் முறையீடு. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பணத்தைப் போட்டு ஒரு லாரி வாங்கிவிட்ட குடும்பங்கள் நம் நேயர்களிடையே இல்லாமற் போகவில்லை. ஒரே லாரி, மாதத் தவணை, ஒரு டிரைவர். பழைய பெட்டி தேய்ந்துவிட்டது. அதையே செப்பனிடுவதா, ஆறு கியர் உள்ளதாக மாற்றுவதா, தானே கியர் மாறும் யந்திரம் என்கிறார்களே அதற்குப் போவதா என்ற கேள்வி வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகிறது. ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். தவறான யோசனையைக் கேட்டால் இரண்டு மூன்று தவணைகள் தப்பிப் போகும்.

கியர் எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் சாரதி கியர் மாற்றியதில்லை. மின்சார மோட்டார் நின்ற நிலையிலேயே தன் முழு வலுவையும் கொடுக்கக்கூடியது. டீசல் இஞ்சின் அப்படியல்ல. நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று முதல் இரண்டாயிரம் சுற்று வரைதான் அது மனம் வைத்து வேலை செய்யும். அதற்குக் கீழே திணறும். மேலே போனால் எண்ணெயை விழுங்கும். ஆகையால் இஞ்சினை அந்த நடுத்தர நிலையில் வைத்துக்கொண்டு, சக்கரத்தை மட்டும் மெதுவாகவோ வேகமாகவோ சுற்றச் செய்வதற்குப் பல் சக்கரங்கள் வேண்டியிருக்கின்றன.

இதில் கொஞ்சம் கணக்கு உண்டு. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். ஒரு லாரியில் முதல் கியர் ஏழுக்கு ஒன்று, பின் ஆக்ஸிலில் உள்ள கிரவுன் பினியன் ஆறுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இஞ்சின் 42 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். டயரின் சுற்றளவு சுமார் 3.2 மீட்டர். இஞ்சின் 1,500 சுற்றில் ஓடும்போது லாரி முதல் கியரில் மணிக்கு ஏழு கிலோமீட்டர் போகும். டாப் கியர் ஒன்றுக்கு ஒன்றாயிருந்தால், அதே சுற்றில் 48 கிலோமீட்டர்.

இங்கேதான் முதல் ஆசை பிறக்கிறது. "பெட்டியை விட்டுவிடுங்கள், ஸார்! கிரவுன் பினியனை மாற்றி ஐந்துக்கு ஒன்றாக்கிவிட்டால் லாரி பறக்கும்" என்பார் ஒரு மேஸ்திரி. உண்மையே. 48 கிலோமீட்டர் சுமார் 58 கிலோமீட்டராகிவிடும். ஆனால் கிளம்பும்போது இழுக்கும் வலுவில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். பன்னிரண்டாயிரம் லிட்டர் ஏற்றிய லாரியில் தண்ணீர் மட்டும் 12 டன். மேலும், இஞ்சின் சும்மா ஓடும் 600 சுற்றில், கிளட்சைத் தொடாமலே முதல் கியரில் மணிக்கு 2.7 கிலோமீட்டர் ஊர்ந்துகொண்டிருந்த வண்டி, இனிமேல் 3.3 கிலோமீட்டருக்குக் குறைந்தால் ஊராது. மாலை ஆறு மணிக்குக் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கும். எதிரே நிற்கும் பஸ் அரை அடி நகரும்போதெல்லாம் டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்துப் பிடிக்க வேண்டும். ஹாஃப் கிளட்ச் என்கிறார்கள். கிளட்ச் பிளேட் கருகுவது அதனால்தான்.

அப்படிப் பறந்து எங்கே போகப் போகிறோம் என்பதும் ஒரு கேள்வி. டாங்கர், டம்பர் முதலிய வண்டிகளுக்கு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டுமென்பது மத்திய மோட்டார் வாகன விதி. முடிச்சூர்க் கிணற்றில் நிரப்பி வேளச்சேரியில் கொட்டும் லாரிக்கு அந்த அறுபதே கனவு. நம் அபிப்பிராயத்தில், ஊருக்குள் ஓடும் தண்ணீர் லாரியின் ஆக்ஸிலைத் தொடவே கூடாது.

இனிப் பெட்டிக்கு வருவோம். நெடுங்காலம் நம் நாட்டு லாரிகளில் இருந்தது கான்ஸ்டன்ட் மெஷ் என்ற வகை. 1948-ல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நாட்களில் லாரி ஓட்டியவர்கள், ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்தவர்கள். பல் சக்கரங்களின் வேகம் ஒத்துவர வேண்டுமே! மிதித்து, நடுவில் விட்டு, இஞ்சினைச் சற்று உறுமவைத்து, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். அந்தப் பெட்டி முரட்டுப் பிறவி. எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டிவிடலாம். வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் 1928-ல் காடிலாக் மோட்டார் காரில் வந்தது. லாரிகளுக்கு வெகு தாமதமாகவே வந்து சேர்ந்தது. இதில் ஒரு மிதி போதும். ஆனால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் கூடாத எண்ணெயையும் அவசரக் கையையும் பொறுக்கமாட்டா.

கிலோமீட்டருக்கு இருபது கியர் மாற்றம் என்று வைத்துக்கொண்டால், முப்பது கிலோமீட்டருக்கு அறுநூறு. பழைய பெட்டியில் ஆயிரத்திருநூறு மிதி. அத்தனையும் இடது காலால். நாற்பது வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும் டிரைவர்களை நாம் பார்த்திருக்கிறோம். லாரிக்காரரின் வரவு செலவுக் கணக்கில் டீசல் உண்டு, டயர் உண்டு, இந்த முழங்கால் மட்டும் எந்தப் பத்தியிலும் இல்லை. டிரைவர் நின்றுவிட்டால் லாரியும் நிற்கிறது என்பதால், சொந்தக்காரரின் சுயநலத்துக்காகவாவது அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐந்து கியருக்கு ஆறு கியர் எந்த விதத்தில் மேல்? உச்ச வேகத்திலன்று, படிகளின் உயரத்தில். ஐந்து படியில் ஏறும் உயரத்தை ஆறு படியாக்கினால் ஒவ்வொரு படியும் தணிந்துவிடும். 2020-ல் திறந்த பல்லாவரம் மேம்பாலத்தில் நிறைந்த லாரி ஏறும்போது, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும் அந்த ஒரு விநாடியில் வேகம் விழுகிறது. உள்ளே தண்ணீர் அலைமோதுகிறது. வண்டி இன்னும் தளர்கிறது. படி தணிந்திருந்தால் இந்தத் தடுமாற்றம் குறையும். எட்டு, ஒன்பது கியர்ப் பெட்டிகள் கல் குவாரி டிப்பருக்கும் நெடுந்தூரப் பாரவண்டிக்கும் உரியவை. தெருவுக்குத் தெரு நிற்கும் இரண்டு ஆக்ஸில் டாங்கருக்கு அவை வீண் சுமை.

தானே மாறும் யந்திரங்கள் இரண்டு ஜாதி. ஒன்றில் கியர் பெட்டி பழையதுதான். கிளட்சை மிதிக்கும் காலுக்குப் பதில் காற்றழுத்தமும் கணிப்பொறியும் வேலை செய்கின்றன. கால் தப்புகிறது, ஊர்ந்து செல்லும் நெரிசலில் பிளேட் தப்புவதில்லை. மற்றொன்றில் கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய்ச் சுழல் ஒன்று வலுவைக் கடத்துகிறது. ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மானியர் 1905-ல் கப்பல்களுக்காக உரிமை பெற்ற யுக்தி இது. குப்பை லாரிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் உலகெங்கும் இதை விரும்புகிறார்கள். அடிக்கடி நின்று கிளம்பும் தண்ணீர் லாரிக்கும் ஏற்றதுதான். இத்தகைய பெட்டி செய்யும் அல்லிஸன் தொழிற்சாலை வண்டலூருக்கு மேற்கே ஒரகடத்தில் இருக்கிறது. பாரத் பென்ஸ் லாரிகள் செய்யும் ஆலையும் 2012-ல் அங்கேதான் திறக்கப்பட்டது. ஆனால் விலை மிக அதிகம். பழைய லாரியில் கொண்டுபோய் ஒட்டவைப்பதும் எளிதன்று. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் இஞ்சினும் கியரும் கணிப்பொறி வழியே பேசிக்கொள்பவை. ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாவிட்டால் வண்டி கிளம்பாது. இந்தச் சுகம் வேண்டுபவர், அடுத்த லாரி வாங்கும்போது கம்பெனியிலேயே பொருத்தி வரும்படி வாங்குவதே நலம்.

ஆகவே பழைய லாரிக்கு, அதே கம்பெனியின் ஆறு கியர் சின்க்ரோமெஷ் பெட்டியே நம் சிபாரிசு. அதற்கும் முன்னால் செலவு குறைந்த காரியம் ஒன்று உண்டு. கிளட்ச் மிதியை இலேசாக்கும் காற்றழுத்த பூஸ்டர் சரியாக வேலை செய்கிறதா, நெம்புகோல் மூட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பெட்டியின் குற்றமென்று நினைத்தது பாதிக்குமேல் இங்கேயே தீர்ந்துபோவதுண்டு.

புதுப்பேட்டைக் கடைகளில் பழைய பெட்டி மலிவாய்க் கிடைக்கும். வாங்குவதற்குமுன் அளக்க வேண்டியவை பல: இன்புட் ஷாப்டின் பற்கள், பெல் ஹவுசிங்கின் துளைகள், பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாப்டின் நீளம். தண்ணீர் லாரிக்கு விசேஷமாக இன்னொன்று: பம்பை ஓட்டும் பி.டி.ஓ. மாட்டுவதற்குப் பெட்டியின் பக்கத்தில் வாயில் இருக்கிறதா? அதை மறந்தால் லாரி வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்; தண்ணீர் மாடித் தொட்டிக்கு ஏறாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்கிறது. எஃப்.சி. சமயத்தில் விழிப்பதைவிட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிவிடலாம்.

பெட்டியை மாட்டியபின் காலி வண்டியை ஓட்டிப் பார்த்து மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பவர்கள் அநேகர். தொட்டியை நிரப்பி ஒரு தடவை, பாதி இறக்கிவிட்டு ஒரு தடவை, மாலை நெரிசலில் மேம்பாலம் ஏறிப் பார்க்கட்டும். பாதித் தொட்டியில்தான் தண்ணீர் மிகுதியாய் அலைமோதும். ஓட்டிப் பார்ப்பது சொந்தக்காரராயிருக்க வேண்டாம். நாள்தோறும் ஓட்டப்போகும் டிரைவராயிருக்கட்டும். பணத்தை அதற்குப் பிறகு எண்ணலாம்.