புல்லுக்கும் ஓய்வு வேண்டும்

காரைக்காலுக்குத் தெற்கே, நாகூரை ஒட்டினாற்போல் இருக்கிறது கீழவாஞ்சூர். 2009ஆம் ஆண்டு முதல் துறைமுகம் இயங்கி வருவதால் கப்பல்காரர்களுக்கு அவ்வூர்ப் பெயர் தெரியும். அங்கே மாடு வளர்க்கப் புறப்பட்ட இளைஞர் ஒருவரைப் பற்றி இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அயல்நாட்டு உத்தியோகத்தை விட்டு வந்த அவர், ஒன்பது மா நிலத்துக்குக் கம்பிவேலி அடைத்து, ஆறு உம்பளச்சேரிப் பசுக்களை உள்ளே ஓட்டிக் கதவைச் சாத்திவிட்டார். மூன்றாம் மாதம் நாம் போய்ப் பார்த்தபோது, நிலத்தில் கோரையும் முள்ளுந்தான் மிஞ்சியிருந்தன. பசுக்களுக்கு விலா எலும்பை எண்ணலாம். வைக்கோல் வாங்கிய கடன் வேறு.

"மழை ஏமாற்றிவிட்டது, ஐயா" என்றார்.

"மழையின்மேல் குற்றமில்லை, தம்பி. புல்லுக்கு நீர் ஒரு நாளாவது ஓய்வு கொடுத்தீரா?" என்று கேட்டோம்.

மாடு இளந்தளிரையே தேடிக் கடிக்கும். கடிபட்ட புல், வேரில் சேர்த்து வைத்த சத்தைச் செலவிட்டே மறுபடி துளிர்க்கிறது. அந்தத் துளிரையும் உடனே கடித்துவிட்டால், வட்டி போதாமல் முதலில் கை வைத்த குடும்பத்தின் கதிதான் அதற்கும். நல்ல புல் மாளும். மாடு தொடாத களை தழைக்கும்.

பிரான்ஸ் தேசத்து நார்மண்டியில் தம் பசுக்கள் மேய்வதை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆந்திரே வுவாசேன் என்பவர், இவ்விஷயத்தை 1957இல் ஒரு நூலாக வெளியிட்டார். புல்லுக்குப் போதிய ஓய்வு வேண்டும். மாடு ஒரே இடத்தில் சில நாட்களுக்குமேல் நிற்கலாகாது என்பதே அதன் சாரம். காரைக்காலை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி அகன்றது 1954இல். ஆண்டவர்கள் போன பிறகு வந்த யோசனையானாலும், நல்லதை ஏற்பதில் நமக்கு வெட்கமில்லை.

இது நம்மவர் அறியாததும் அன்று. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பாருங்கள். முள்ளுக்கிளுவை உயிர்வேலியால் நிலத்தைக் கூறு கூறாக அடைத்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, ஒரு கூறு மேய்ந்ததும் அடுத்ததற்கு மாட்டை மாற்றுவார்கள். காங்கேயம் காளையின் கீர்த்திக்கு அந்தக் காடுகளும் காரணம். நமது சோழநாட்டு வயல்களில் அறுவடைக்குப் பின் கிடை போடும் கீதாரிகளும் கிடையை ஒரே இடத்தில் வைப்பதில்லை. முளைக்குச்சியைத் தினமும் பிடுங்கி வேறிடத்தில் அடித்துப் பசுவைக் கட்டும் பாட்டிக்கும் இந்தச் சாஸ்திரம் தெரியும்.

கணக்கு எளிது. புல் தேற 30 நாள் வேண்டும். ஒரு கூற்றில் மாடு 3 நாள் நிற்கும் என்று கொள்வோம். முப்பதை மூன்றால் வகுத்தால் 10. மாடு நிற்கும் கூறு ஒன்றையும் சேர்த்து 11. சாண் உயரம் வளர்ந்ததும் மாட்டை விட வேண்டும். நாலு விரற்கடைக்குக் குறையுமுன் வெளியேற்ற வேண்டும். கோடையில் புல் மெதுவாக வளருமாதலால் ஓய்வை நீட்டி, குறைக்கு வைக்கோல் போட வேண்டும். 300 கிலோ எடையுள்ள பசு நாளொன்றுக்குச் சுமார் 30 கிலோ பசும்புல் தின்னும். ஆகவே முதலில் புல்லை எண்ணி, பிறகே மாட்டை வாங்க வேண்டும்.

காங்கேயம் வறண்ட பூமி, கீழவாஞ்சூர் கடலோரம். அங்குள்ளதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் களிமண்ணில் மாட்டை விட்டால், தின்பதைவிட மிதித்துக் கெடுப்பது அதிகம். நீர் தேங்கிய இடத்துப் புல்லில், நத்தை வழியாகப் பரவும் ஈரல் தட்டைப்புழுவும் ஒட்டியிருக்கும். அந்த நாட்களில் மாட்டை மேட்டுக் கொட்டிலில் கட்டி, மேட்டு நிலத்துப் புல்லை அறுத்துப் போடுவதே உசிதம். கோடைக்கு நிழலும் குடிதண்ணீரும் ஒவ்வொரு கூற்றுக்கும் எட்ட வேண்டும்.

இளைஞர் பிடிவாதக்காரர் அல்லர். இரண்டு பசுக்களை உறவினர் வீட்டுக்கு அனுப்பினார். மூங்கில் தட்டியால் நிலத்தைப் பதினொரு கூறாக்கி, ஓரங்களில் கிளுவைப் போத்து ஊன்றினார். மழைக்காலம் கழிந்து மறுபடி போனோம். அறுகு அடர்ந்திருந்தது. சிவப்பாகப் பிறந்த கன்றொன்று உம்பளச்சேரி இனத்தின் வழக்கப்படி சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சேற்று உழவுக்குப் பேர்போன அந்த இனத்துக்கு ஏர் வேலையை டிராக்டர் பறித்துவிட்டது. இனி அதைக் காப்பாற்றுவது, கட்டுப்படியாகும் செலவில் வளர்ப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

"கடன் தீர்ந்ததா, தம்பி?" என்று விசாரித்தோம்.

"பாதி தீர்ந்தது, ஐயா. மீதிக்குப் புல் வளர்ந்துகொண்டிருக்கிறது" என்று சொல்லி, மேய்ந்து முடிந்த கூற்றின் படலை இழுத்துச் சாத்தினார்.