மலையைக் குடைந்த கம்பெனி மலையிலேயே சறுக்கியது!
பர்லியார் வளைவுகளில் பஸ் ஏறுகிறவர்களுக்குத் தெரியும், மலையை வெட்டுவது விளையாட்டல்ல என்று. அதையே தொழிலாக்கியவர் வால்சந்த் ஹிராசந்த். அவர் 1926-ல் ஆரம்பித்து, குடும்பத்தார் கையிலேயே வளர்ந்த இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனிக்கு 2026-ல் வயது 100!

ஆரம்ப வேலை, போர்காட் மலையில் ரெயில் சுரங்கம். 2009-ல் பம்பாய் பாந்திரா-ஒர்லி கடல் பாலம். பேர் வாங்கியாச்சு. வினை வந்தது எங்கே?

புனே பக்கம் மலையில் எழுப்பிய லவாசா நகரத்தில்! சுற்றுச்சூழல் அனுமதி இல்லையென்று 2010-ல் மத்திய அரசு வேலையை நிறுத்தியது. மறு வருஷம் அனுமதி கிடைத்தும் கடன் விடவில்லை. 2018-ல் லவாசா திவால் வழக்கில் சிக்கியது.

2009 நவம்பர் மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் பலி. சரிவில் காட்டேஜ் கட்ட பொக்லைன் ஏற்றுகிறவர்களே, பழம் தின்ற கம்பெனிக்கே இந்தக் கதி. உங்களுக்கு?