கண்மாய்க் கரையில் ஒரு வகுப்பறை



தங்கள் இல்லத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளை இருப்பின், இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இம்மாதம் அறிவியல் பாடத்தில் படித்த எதையேனும் கணக்குப் பாடத்தில் பயன்படுத்தினாயா?" என்பதே அக்கேள்வி. பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். அறிவியல் ஒரு நோட்டுப் புத்தகம். கணக்கு வேறொரு நோட்டுப் புத்தகம். இரண்டையும் ஒரே பையில் சுமந்து செல்கிறார்கள் என்பதைத் தவிர, அவ்விரண்டுக்கும் உறவு உண்டென்று அவர்களுக்கு எவரும் காட்டியதில்லை.

இவ்வுறவை உண்டாக்குவதற்கென்றே இப்போது உலகெங்கும் ஒரு சொல் வழங்கி வருகிறது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஸ்டெம்' என்கின்றனர். அதனுடன் 'வடிவமைப்புச் சிந்தனை' என்ற இன்னொன்றும் கைகோத்து வருகிறது. பெயர்தான் புதிது. ஒரு பொருளைச் செய்வதற்கு முன் அதைப் பயன்படுத்தப் போகிறவரின் அருகில் சென்று அவர் படும் சிரமத்தை அறிதல், அச்சிரமத்தைத் தெளிவாக ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பார்த்தல், பல வழிகளை யோசித்தல், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு ஒரு மாதிரி செய்தல், அதை அவரிடமே கொடுத்துக் குறை கண்டு திருத்துதல் என்பவையே அதன் படிகள். நம் ஊர்த் தையற்காரர் அளவெடுத்து, வெட்டி, ஒட்டுத் தையல் போட்டு, அணியச் சொல்லிப் பார்த்துத் திருத்துவது இதே வேலைதான். அவரிடம் போய் 'வடிவமைப்புச் சிந்தனை' என்றால் சிரிப்பார்.

டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் தம் உரைகளில் பலமுறை கூறி வந்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் தக்க சான்றாகும். ஹைதராபாத்தில் ஏவுகணை ஆராய்ச்சியில் அவர் இருந்த காலத்தில், நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வுக்கூடத்திற்கு வந்தார். அக்னி ஏவுகணைக்கென உருவாக்கப்பட்ட பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் இலேசான எடையைக் கண்டு வியந்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே சிறுவர் சிறுமியர், மூன்று கிலோவுக்கும் மேல் எடையுள்ள உலோகத் தாங்கிகளைக் காலில் பூட்டிக்கொண்டு இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தனர். மூன்றே வாரங்களில் 300 கிராம் எடையில் புதிய தாங்கி ஆயத்தமாயிற்று. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தப் பொருள் முன்னரே இருந்தது. அறிவும் முன்னரே இருந்தது. மருத்துவமனைக்குச் சென்று பிள்ளைகளின் நடையைப் பார்த்த பிறகே இரண்டும் ஒன்று சேர்ந்தன.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஒரு சான்று உண்டு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சி அளிக்கப்பட்டது. எழுத்தறிவுக்கும் மிதிவண்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் பலர். கற்பிக்கும் பெண்ணும் கற்க வரும் பெண்ணும் பேருந்துக்கும் ஆண்களுக்கும் காத்திருக்கும் வரை வகுப்பு நடவாது என்பதை உணர்ந்தவர்களுக்குத் தொடர்பு விளங்கிற்று. ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றனர். கட்டுப்பாடு மிகுந்த குடும்பங்களைச் சேர்ந்த முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர் என்பதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். பெண்களுக்கான வண்டி கடைகளில் கிடைக்காமற்போகவே, ஆண்கள் வண்டியையே பலர் ஓட்டினர். சிலருக்கு அதுவே பிடித்தும் போயிற்று. அதன் முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமல்லவா! எந்தத் தொழிற்சாலைப் பொறியாளரும் எண்ணிப் பாராத பயன் அது.

இனிப் பள்ளிகளுக்கு வருவோம். நகரங்களில் தனியார் பள்ளிகள் சில, 'ரோபோ வகுப்பு' என்று தனிக் கட்டணம் பெறுகின்றன. ஒரு பெட்டி வருகிறது. அதில் சிறு சக்கரங்களும் கம்பிகளும் இருக்கின்றன. வரைபடத்தில் உள்ளபடி பூட்டினால் வண்டி ஓடுகிறது. படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்புகிறார்கள். வேறு சில இடங்களில் ஆண்டுக்கொரு முறை அறிவியற் கண்காட்சி. எரிமலை புகை கக்கும். அதை முதல் நாள் இரவு கண் விழித்துச் செய்தவர் பெரும்பாலும் அத்தாவாக இருப்பார். இவற்றைத் தவறென்று கூறவில்லை. ஆனால் பாடத்தோடும், தேர்வோடும், பிள்ளையின் ஊரோடும் ஒட்டாமல் தனித்து நிற்கும் எந்த ஏற்பாடும் ஆசிரியர் மாறியவுடன் அலமாரிக்குள் போய்விடும். மத்திய அரசு 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க ஆய்வகத் திட்டத்தில் தெரிவாகும் பள்ளிக்கு 20 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. பெரிய தொகைதான். எனினும் தொகை கருவிகளை வாங்கும். அவற்றைப் பாடத்தோடு இணைப்பது வேறு வேலை.

அவ்வேலையைச் செய்து காட்டிய இடம் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், (2022-இல் நர்மதாபுரம் எனப் பெயர் மாறிற்று) 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, பிரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரு தொண்டு அமைப்புகள் அதை முன்னின்று நடத்தின. டெல்லிப் பல்கலைக்கழகத்தினரும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் துணை நின்றனர். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1982-இல் இதற்கென்றே ஏகலவ்யா என்ற நிறுவனம் தோன்றியது.

அங்கே பிள்ளைகள் குழுவாக அமர்ந்து பரிசோதனை செய்து, தாம் கண்டதைத் தாமே எழுதினர். விடையை மனனம் செய்யும் பாடப் புத்தகம் இல்லை. கேள்வி கேட்கும் பயிற்சி நூலே இருந்தது. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி. பின்னர் மாதந்தோறும் அண்டைப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, எந்தச் சோதனை சரிவரவில்லை, ஏன் என்று பேசினர். தேர்வும் மாறியது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. பிள்ளைகள் தம் ஐயங்களை 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெரியவருக்குக் கடிதமாக எழுத, பதில் வரும்.

சகோதரர்களே, இவற்றுள் தேர்வை மாற்றியதையே யான் முதன்மையாகக் கருதுகிறேன். பரிசோதனை செய்யச் சொல்லிவிட்டு, ஆண்டிறுதியில் வரையறை எழுதச் சொன்னால், அறிவுள்ள பிள்ளை பரிசோதனையை விட்டுவிட்டு வரையறையைத்தான் படிக்கும். அதனைக் குறைசொல்ல இயலாது. கருவி, பயிற்சி, ஆசிரியர் கூட்டம், தேர்வு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றமையால் அத்திட்டம் முப்பது ஆண்டுகள் நடந்தது. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1978-இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, வாரச் சந்தையில் மலிவாகக் கிடைத்த மிதிவண்டி வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு ஒரு விளையாட்டை உருவாக்கினார். டியூபைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மருந்து நீக்கிய தீக்குச்சிகளை அதன் இரு முனைகளிலும் செருகினால் மூட்டு ஆயத்தம். நான்கு குச்சிகளால் சதுரம் செய்து விரலால் தள்ளினால் சரிந்துவிடும். மூன்று குச்சிகளால் முக்கோணம் செய்தால் சரியாது. கூரைச் சட்டங்களிலும் இரும்புப் பாலங்களிலும் ஏன் முக்கோணங்கள் நிறைந்துள்ளன என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தாய்மார்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

நம் மாநிலத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1993 முதல் நடந்து வரும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தி வந்துள்ளது. 10 முதல் 17 வயது வரையுள்ளோர் தம் ஊரின் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து தாய்மொழியிலேயே சமர்ப்பிக்கலாம். தொழில் முனைவோர் மேம்பாட்டு நிறுவனம், யுனிசெப், பள்ளிக் கல்வித் துறை ஆகியவை சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்கத் திட்டத்தில் வடிவமைப்புச் சிந்தனையே நேரடியாகக் கற்பிக்கப்படுகிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பெற்ற 'வானவில் மன்றம்', 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பரிசோதனைகளைச் செய்துகாட்ட 710 கருத்தாளர்கள் அமர்த்தப்பட்டனர். கணக்கிட்டால் ஒருவருக்குச் சுமார் 18 பள்ளிகள். அவர் வந்து போகும் நாளில் வகுப்பறை கலகலப்பாக இருக்கும். எஞ்சிய நாட்களில் அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே அதைத் தொடர்ந்தாலன்றி அது பாடமாகாது.

இலுப்பூர்ப் பகுதியில் எப்படித் தொடரலாம்? பெட்டி எதையும் வாங்க வேண்டாம். நம் மாவட்டத்துக் கண்மாய்கள் பலவற்றின் உட்புறத்தில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கற்றூண்களும் குறுக்குக் கற்களும் நிற்பதைத் தாங்கள் பார்த்திருக்கலாம். அது குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் கல்தொட்டி. அதன் மேல் மூடியில் பெரிய துளை ஒன்று, அதற்கு நீரோடி என்று பெயர். கீழே தரைமட்டத்தை ஒட்டிச் சிறு துளைகள், அவை சேறோடி. மேல்துளையின் அடைப்பைத் தூக்கினால் நீர் குமிழியிட்டு உள்ளிறங்கும். அவ்வேகத்தில் அடியிற் படிந்த வண்டலும் உடன் கிளம்பி வயலுக்குச் செல்லும். பாசனமும் தூர் வாருதலும் ஒரே அடைப்பில் முடிந்தன. சிலவற்றின் தூண்களில் கல்வெட்டுகளும் உள்ளன. இன்று இவற்றுள் பல, சீமைக் கருவேல முட்களுக்குள் மறைந்து கிடக்கின்றன.

ஒரு பள்ளி ஓர் ஆண்டு முழுவதும் இதையே எடுத்துக்கொள்ளட்டும். முதலில் பிள்ளைகள் ஆயக்கட்டு விவசாயிகளிடம் சென்று எந்த மடையில் நீர் வரவில்லை, எப்போதிருந்து வரவில்லை என்று கேட்கட்டும். கணித ஆசிரியர், கண்மாயின் வரைபடத்தைக் கட்டத்தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணிப் பரப்பைக் காணச் சொல்லலாம். ஆழத்துக்கு, ஊர்க் கொத்தனார் ஒருவரை டியூப் லெவலோடு அழைத்து வரலாம். அவர் மட்டம் பார்க்கும் முறையில் இருக்கும் அறிவியலைப் பிள்ளைகள் விளக்கட்டும். கண்மாய் மண்ணை ஒரு போத்தலில் நீரோடு குலுக்கி வைத்தால் மணல் முதலிலும், வண்டல் பின்னரும், களி கடைசியாகவும் படியும். வரலாற்று ஆசிரியருக்குக் கல்வெட்டு. தமிழாசிரியருக்கு மடை, மதகு, கலிங்கு, தூம்பு எனச் சொற்கள் காத்திருக்கின்றன.

பின்னர் மாதிரி. இரண்டு பிளாஸ்டிக் வாளிகளில் ஒரே அளவு நீரும் மண்ணும் இட்டு, ஒன்றில் மேல்துளை மட்டும், மற்றதில் மேல்துளையும் கீழ்த்துளைகளும் அமைத்துத் திறந்துவிட வேண்டும். எஞ்சிய மண்ணை வெயிலில் உலர்த்தி மளிகைக் கடைத் தராசில் நிறுத்தால் எது எவ்வளவு சேற்றை வெளியேற்றியது என்பது கிராம் கணக்கில் தெரியும். துளையை அகலமாக்கினால் என்னாகும், மூன்றுக்குப் பதில் ஐந்து இட்டால் என்னாகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அப்போது ஆசிரியர் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும், இதுதான் கடினம்.

நம் வீடுகளைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பிழைக்கச் செல்லும் நம் இளைஞர்களுள் பலர், பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் கொண்டு செல்கின்றனர். அளக்கவும் வரையவும் பழுது கண்டுபிடிக்கவும் தெரிந்தவனுக்கு அங்கே கிடைக்கும் சம்பளம் வேறு. பெண் பிள்ளைகளோ, வகுப்பறைக்கு வெளியே நடக்கும் பாடம் என்றால் "நீ போக வேண்டாம்" என்ற ஒரு சொல்லில் நிறுத்தப்பட்டு விடுகின்றனர். கண்மாய்க்குச் செல்லும் நாளில் அன்னையரில் இருவர் மூவர் உடன் சென்றால் அச்சொல்லுக்குத் தேவையிராது. பிள்ளைகள் நீரில் இறங்காமல் காக்கவும் அவர்கள் வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். அக்கூட்டத்தில் நம் தாய்மார்கள் பெரும்பாலும் கையொப்பமிட்டுத் திரும்புகின்றனர். அடுத்த முறை, ஆய்வுக்கூட அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது, கடைசியாக எப்போது திறக்கப்பட்டது, கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் மாதத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்து அமர நேரம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். சண்டைக்கல்ல, தெரிந்துகொள்ளவே. அளவெடுக்கும் வேலையைப் பங்குனியில், நீர் வற்றியிருக்கும்போது தொடங்குவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்தவுடன் பிள்ளைகள் தம் கணக்கைக் கரையில் நின்றே சரிபார்த்துக்கொள்வார்கள்.