காபி ஓவியம் நிலைக்க வேண்டாமா?

காபித் தூளை நீரில் குழைத்து மனித முகங்களைத் தீட்டும் கலை நாட்டின் பல நகரங்களில் வேரூன்றி வருகிறது. கெட்டிக் கரைசல் கூந்தலுக்கும் நிழலுக்கும். நீர்த்த கரைசல் கன்னத்துக்கும் நெற்றிக்கும். ஒளி விழும் இடத்தில் தாளின் வெண்மையே வண்ணம். விலையுயர்ந்த வண்ணங்களை வாங்க இயலாத மாணவருக்கும் இது எட்டும்.

ஆனால், காபி தாவரச் சாயம். வெளிச்சத்தில் வெளிறும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். எனவே, வியந்து பாராட்டுவதுடன் அரசின் கடமை முடிந்துவிடாது. 1954-ல் தோன்றிய லலித் கலா அகாதெமியும், கலைப்பொருள் பாதுகாப்புக்காக 1976-ல் லக்னௌவில் நிறுவப்பட்ட தேசிய ஆய்வுக்கூடமும் கலாசார அமைச்சகத்தைச் சார்ந்தவையே. இரண்டும் இணைந்து ஆராய்ந்து, ஏற்ற தாள், மேற்பூச்சு, பராமரிப்பு குறித்த எளிய கையேட்டை இந்திய மொழிகளில் வெளியிட வேண்டும்.

மங்கிவிடும் முகத்தை எவரும் விலை கொடுத்து வாங்க மாட்டார்கள். அந்த இழப்பு ஏழை ஓவியருக்கே.