தகுதியைச் சொல்வது தற்பெருமையா?



கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தால் மானசகங்கோத்ரி விடுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். ஆண்டு முழுதும் ஆய்வுக்கூடத்தில் அரும்பாடுபட்ட நம் மாணவர், "உம் திறமைகளைக் கூறுக" என்ற இடத்திற்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். "நம்மை நாமே புகழ்வதா?" என்று கூசுகிறார். கடைசியில் "கடின உழைப்பாளி, ஆர்வமுள்ளவன்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார். நாட்டில் எவர்தாம் அப்படி எழுதவில்லை?

அடக்கம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அடக்கமுடைமையைப் பாடிய வள்ளுவரே அவையஞ்சாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை மறக்கலாமா?

கணிதமேதை இராமானுசனை எண்ணிப் பாருங்கள். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும் ஒரு விண்ணப்பமே. ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் பெறும் சென்னைத் துறைமுக எழுத்தர் என்பதை அவர் மறைக்கவில்லை. பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதையும் மறைக்கவில்லை. உள்ளூர்க் கணித வல்லுநர்கள் தம் முடிவுகளைக் கண்டு வியந்ததையும் தயங்காமல் சொன்னார். சொன்னதோடு நில்லாமல் ஏறத்தாழ 120 தேற்றங்களை உடன் வைத்தார். முன்னர் எழுதிய இடங்களில் உதவி கிட்டவில்லை. அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. 1914-இல் கப்பலேறினார்; 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

நாம் எல்லோரும் இராமானுசன் ஆகிவிட முடியாதுதான். ஆயினும் அவர் வழி நமக்கும் உரியது. எந்தச் சோதனையைச் செய்தீர்கள், எத்தனை முறை செய்தீர்கள், எந்தக் கருவியைக் கையாண்டீர்கள், என்ன முடிவு கண்டீர்கள் என்று எழுதுங்கள். பிழைப்புத் தேடி மைசூருக்கு வந்த குடும்பம் என்னுடையது. எனக்கு வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். இதைக் குறையென்பாரும் உளர். கிணற்று நீர் மாதிரி எடுக்கப் போகும் ஊரில் மக்களிடம் அவர்கள் மொழியிலேயே கேட்டறிய வல்லவன் என்று எழுதினால், அது குறையா, தகுதியா?

தேர்வுக் குழுவில் நமக்காகப் பேச மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. நாம் அனுப்பும் தாள் ஒன்றே பேச வேண்டும். அதையும் ஊமையாக்கி அனுப்பலாமா? இல்லாததைச் சொல்வது தற்பெருமை. உள்ளதைச் சான்றோடு சொல்வது நம் உழைப்புக்கு நாம் செய்யும் நீதி. நிமிர்ந்து எழுதுங்கள், தோழர்களே!